பொனட்டில் கை வைத்துப் பேசியவர்

அவருடைய பெயரை எழுதாமல்தான் இதை எழுதுகிறேன். காரணம் படிக்கும்போதே விளங்கும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். அவரைவிட மூத்தவர்கள்கூட நானா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாத்தளையில் எங்கள் பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. ஒரு நாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தோம். பலாபத்வலையிலிருந்து ஓர் இளைஞன் நானாவைத் தேடி வந்தான். வாடகைக்கு வான் ஓட்டுகிறவன். இறக்குமதித் தடையை நீக்கி வெளிநாட்டு வாகனங்களை மறுபடியும் நாட்டுக்குள் விட்டிருந்த நேரம் அது. புது மின்சாரக் கார்கள் ஒன்றிரண்டாக நம் ரோட்டிலும் ஓடத் தொடங்கியிருந்தன. நானாவின் வாசலில் இரண்டு நின்றன. ஒன்று, ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டு அனுப்பிய பழைய கார். மற்றது, வெளிநாட்டில் வேலை செய்யும் அவருடைய மகன் எடுத்துக்கொடுத்த புத்தம் புதியது.

"நானா, நீங்கதான் ரெண்டையும் ஓட்டுறீங்க. புதுசு நல்லமா, பழசு நல்லமா? நான் பழசு ஒண்ணு எடுக்கலாமான்னு பாக்குறேன்."

நானா கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லதுன்னா இங்கேயே சொல்லலாம். பழசுல கொறை ஈக்குது. அதுக்கு வீட்டுக்குப் போகணும்."

"ஏன் நானா, அங்க ஏதும் பேப்பர் பாக்கணுமா?"

"இல்ல மகன். காரு அங்கதானே நிக்கிது."

இளைஞன் விளங்காமல் என் முகத்தைப் பார்த்தான். "எழும்பிப் போங்க தம்பி, ஆளு அப்படித்தான்" என்றேன். எங்கள் வீடு அவருக்குப் பக்கத்து வீடு என்பதால் நானும் கூடவே நடந்தேன். நல்ல வெயில். நானா பழைய காருக்குக் கிட்டப் போனார், அதன் பொனட்டில் வலது கையை வைத்தார், அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இதுட பெட்டரி பாதி போயிட்டுது. கண்டிக்குப் போய் வரும். அதுக்கு மேல கேக்க ஏலாது. ஏசி போட்டா ஏத்தத்துல இழுவை இல்ல. பின் கதவு மழைக்குத் தண்ணி குடிக்கும். இறக்கத்துல மட்டும் வாங்கின கரண்டுல கொஞ்சம் திருப்பித் தரும், அந்த மட்டுக்கு நல்ல சாமான்."

பிறகு பக்கத்தில் நின்ற புதியதின் மேல் மறு கையை வைத்தார். "இது கொழும்புக்குப் போய் வந்தாலும் களைக்காது. ஆனா சரியான பயந்தாங்கொள்ளி. ஆட்டோ ஒண்ணு கிட்ட வந்தாலும் கத்தும். மாடு நிண்டாலும் கத்தும்."

இளைஞன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு கையையும் இரண்டு காரில் வைத்துக்கொண்டு நடுவில் நின்ற நானாவையும் பார்த்தான். வேறு எங்கேயாவது விசாரித்துக்கொள்கிறேன் என்று போய்விட்டான்.

ஒருவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பிடிக்காததைப் பேசுவது கீபத். பெரிய பாவம் என்று சின்ன வயதிலேயே எங்களுக்கு ஓதிக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் செய்கிறோம். நானா மட்டும் செய்யவில்லை. அதோடு நிற்காமல் காருக்கும் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டார்.

பள்ளி மௌலவி ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். "நானா, காருக்குக் கீபத் இல்ல. அதுக்கு ரூஹ் இல்லயே, உயிர் இல்லயே."

"தெரியும் மௌலவி. இது காருக்காக இல்ல, என்ட வாய்க்காக. வாய்க்கு என்ன தெரியும், காரா ஆளான்னு."

"அப்ப உங்கட குடை? செருப்பு?" என்று தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்டார்.

"அதுகளப் பத்தி நான் ஏதும் பேசி நீங்க கேட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தோம். ஒருவரும் கேட்டதில்லை.

ஏன் அப்படி ஆனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. முன்னொரு காலத்தில் அவர் சும்மா சொன்ன ஒரு வார்த்தையால் யாருடைய வாழ்க்கையோ கெட்டுப்போனது என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையை இங்கே எழுதினால் அதுவும் கீபத்தில் சேர்ந்துவிடும்.

இந்தப் பழக்கத்தால் ஊருக்குக் கொஞ்சம் கஷ்டமும் இருந்தது. அக்குறணையிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையைச் சம்பந்தம் பேச வந்தது. அதற்கு முன்னால் வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். நானாவிடமும் வந்தார்கள். "பொண்ணுட வாப்பா ஆளு எப்படி?" என்று கேட்டார்கள். நல்ல மனிதர், கொஞ்சம் முன்கோபி, அவ்வளவுதான். யாரும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். நானா அவர்களை அப்படியே அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாப்பாவை நடுவில் உட்கார வைத்து, "இவருக்குக் கோபம் கூட. கோபம் போனா இவரப் போல ஆளில்ல" என்றார். வாப்பாவுக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சம்பந்தம் அன்றே முடிவானது. எல்லாம் அப்படி நல்லபடியாக முடியவில்லை. இன்னொரு வீட்டில் அதே வேலையைச் செய்ததால், அவர்கள் இவரோடு ஸலாமைக்கூட நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கும் கிடைத்திருக்கிறது. நான் சின்ன சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் கடையில் நாலு பேர் நிற்கும்போதே, "தம்பி, நீங்க ருகூவுல குனிஞ்சு முடியிறதுக்கு முந்தி எழும்பிடுறீங்க. தொழுகைக்கு அவ்வளவு அவசரம் வேணாம்" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. இரண்டு வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் நிற்காமல் வேறு வரிசைக்குப் போனேன். ஆனால் ஒன்று நிச்சயம். நான் இல்லாத இடத்தில் அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற பயம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இந்த ஊரில் வேறு யாரைப் பற்றியும் என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

அந்தப் புதிய கார் வருவதற்கு முந்தி, நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் அவரோடு மிகவும் நெருக்கமானேன். என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. கண்டி ஆஸ்பத்திரியில் மிஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் ஒவ்வொரு வாரமும் தவறாமல். ரோட்டில் ஓர் ஆட்டோ கிடையாது. பஸ் வந்தாலும் அதில் அவளால் நிற்க முடியாது. நானாவின் பழைய கார் ஒன்றுதான் அப்போது எங்கள் தெருவில் அசைந்த வாகனம். கரண்ட் இருந்த நேரத்தில் சார்ஜ் போட்டு வைத்து, எங்களுக்காகவே நிறுத்தியிருந்தார். "தங்கச்சி, ரெடியா?" என்று வாசலில் நின்று கேட்பார். வாடகையைப் பற்றிப் பேசப் போனால் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அந்த இரண்டு கார்களையும் நான் ஒரு நோயாளியின் புருஷனாகத்தான் அறிவேன். மற்றவர்கள் வேகம், விலை, எத்தனை கிலோமீற்றர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்தது பின் சீட்தான்.

பழைய காரில் ஏசி போடுவதில்லை, போட்டால் பெட்டரி இறங்கிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம். மிஷினிலிருந்து எடுத்த பிறகு அவளுக்கு உடம்பு நடுங்கும். வெயிலில் நின்ற அந்தக் காருக்குள் ஏறினால் காயப்போட்டு எடுத்த துணிக்குள் புகுந்தது போல இருக்கும் என்பாள். சீட் தேய்ந்து பள்ளமாகி, அவளுடைய அளவுக்கே ஆகிவிட்டிருந்தது. ஆனால் கண்டி ரோட்டில் பலகடுவை ஏற்றம் வந்தால் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். முன்னால் சின்னத் திரையில் பெட்டரியின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். அவள் ஸலவாத் ஓதுவாள். நானும் ஓதுவேன். நானா வாய்க்குள் ஓதிக்கொண்டே மெதுவாக மிதிப்பார். உச்சிக்குப் போனதும் ஓரமாக நிறுத்தி, "கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்" என்பார். காருக்கா எங்களுக்கா என்று கேட்டதில்லை.

புதிய கார் வந்த பிறகு அதில்தான் கூட்டிப் போனார். கதவுக் கைப்பிடி உள்ளே ஒளிந்திருக்கும், கிட்டப் போனால் தானாக வெளியே வரும். சோற்றுத் தட்டைப் போல இரண்டு மடங்குத் திரை. சீட் பொத்தானை அழுத்தினால் சாயும். ஏற்றம் இறக்கம் ஒன்றும் அதற்குத் தெரியாது. பலகடுவை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாமல் அக்குறணைக்கு வந்துவிடுவோம். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் அவள் பின் சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சின்னதாகிப்போய் உட்கார்ந்திருப்பாள்.

"நானா, இந்தக் காருல ஏறினா ஓதவே மறந்து போகுது" என்றாள் ஒரு நாள்.

நானா ஸ்டியரிங்கைத் தட்டி, "கேட்டியா உன்ட கொறைய?" என்றார்.

ஒரு தடவை ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் களைத்துவிட்டது, இனி உடம்பு மிஷினை அதிக நாளைக்குத் தாங்காது, வீட்டில் ஆயத்தமாக இருங்கள் என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். அவள் இன்னும் உள்ளே மிஷினில் இருந்தாள். நான் முற்றத்துக்கு வந்தேன். நானா புதிய காருக்குள் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த உலகத்தில் அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"நானா, டொக்டர் அவளப் பத்தி…"

அவர் கையை உயர்த்தினார். "தம்பி. தங்கச்சி இங்க இல்ல."

"இது கீபத் இல்ல நானா. இது என்ட வருத்தம்."

"வருத்தத்தச் சொல்லுங்க, கேக்குறேன். அவட விஷயத்த அவக்கிட்டச் சொல்லுங்க."

என் வருத்தம் எது, அவளுடைய விஷயம் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நான் காரில் சாய்ந்தேன். கதவின் கைப்பிடி தானாக வெளியே வந்து முதுகில் இடித்தது. அவர் இறங்கி வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் நானும் மகளும் குசினிக்குள் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டோம். கட்டிலிலிருந்து அவள் கூப்பிட்டால் முகத்தைக் கழுவிவிட்டுப் போவோம். "என்ன பேசினீங்க?" என்பாள். "தேங்காய் இல்லயாம்" என்பாள் மகள். அந்த வாரம் எங்கள் வீட்டில் தேங்காய் இல்லாமலே போனது போல இருந்தது.

அடுத்த முறை புறப்படும்போது அவள் வாசலில் நின்றுகொண்டு, "நானா, இன்னைக்குப் பழசுல போவோம். புதுசு குளிருது" என்றாள். நானா பழைய காரின் திரையைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

திரும்பி வரும்போது பலகடுவை உச்சியில் எப்போதும் போல ஓரமாக நிறுத்தினார். கீழே மாத்தளைப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பின் சீட்டிலிருந்து பேசினாள்.

"நானா, அன்னைக்கு ஒரு பையன் வந்தானே. இந்தக் காருட கொறையெல்லாம் அது முன்னால வச்சுச் சொன்னீங்க. நான் வாசல்ல இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"ஓ தங்கச்சி."

"இந்தக் காரு கொடுத்து வச்சது. எங்கட வீட்டுல என்ட கொறைய குசினிக்குள்ள வச்சுப் பேசுறாங்க. இவர என்ட முன்னால பேசச் சொல்லுங்க."

நானா திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பொனட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தூறல் அவர் தொப்பியில் விழுந்தது.

நான் சொன்னேன். டொக்டர் சொன்ன மாதிரி மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"எனக்குத் தெரியும். உடம்பு என்ட தானே" என்றாள். "தெரியாத மாதிரி இருக்கத்தான் களைச்சுப் போனேன்."

கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்டுப்போன நோன்புகளுக்கு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றாள். மகளுக்கு வட்டிலப்பம் சரியாக வரவில்லை, பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்க வேண்டும் என்றாள். கடைசியாக, "ராத்தா" என்றாள்.

அவளுடைய ராத்தா இரத்தோட்டையில் இருக்கிறாள். இவர்களுடைய உம்மாவின் வீடு யாருக்கு என்று பேசிய நாளிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை. ஒருவரைப் பற்றி ஒருவர் ஊரெல்லாம் சொல்லி, அது இரண்டு பக்கமும் பெரிதாகிப் போய்ச் சேர்ந்திருந்தது.

"இப்பவே போவோம். நாளைக்கு எழும்புவேனோ என்னவோ. ராத்தாட முகத்தப் பாத்து மாப்புக் கேக்காம நான் போக ஏலாது."

நானாவைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். நான் இரத்தோட்டை என்றதும் திரையில் மிச்சமிருந்த கோடுகளைப் பார்த்தார். டாஷ்போர்டைத் தடவி அதனிடமே சொன்னார். "அந்த ஏத்தம் உனக்கு ஏலாது. எங்கள வீட்டடிக்குக் கொண்டு போய் உட்டுடு. அது போதும்."

அது கொண்டு வந்து விட்டது. அவர் வாசலில் அவளைத் தாங்கிப் பிடித்துப் புதிய காரில் ஏற்றினோம். ஏசியை நிறுத்தச் சொல்லி அவர் திரையில் எதை எதையோ அழுத்தினார், கார் வேறு என்னவோ பேசியது, கடைசியில் கண்ணாடியை இறக்கிவிட்டார். அஸர் தொழுகைக்கு முந்தி இரத்தோட்டைக்குப் போய்விட்டோம். மலை ரோட்டில் அது ஒரு தடவைகூட முனகவில்லை.

"சொல்றதுக்குப் பழசு நல்லம் நானா. போறதுக்குப் புதுசு நல்லம்" என்றாள் அவள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

ராத்தா வாசலில் சாக்கு விரித்துக் கராம்பு காயப்போட்டிருந்தாள். மழை வரப் போகிறது என்று அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தவள், காரிலிருந்து இறங்கிய தங்கையைப் பார்த்துக் கையில் இருந்ததைக் கொட்டிவிட்டாள்.

"என்னடி இது, இப்படி மெலிஞ்சு போய்…"

"ராத்தா, உங்களப் பத்திக் கண்ட கண்ட இடத்துல பேசியிருக்கேன். மாப்பாக்குங்க."

"நான் பேசினத நீ கேக்க இல்லயா? உன்னதவிட என்ட கூட."

இருவரும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மழை வந்தது. நானும் நானாவும் குனிந்து கராம்பை அள்ளினோம். உள்ளே வரச் சொல்லி ராத்தா எவ்வளவு கூப்பிட்டும் நானா வரவில்லை. காரில் உட்கார்ந்து தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அல்லாஹ் கொஞ்ச காலம் கொடுத்தான். ராத்தா எங்கள் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டாள். குசினியில் பேச்சு நின்றது, எல்லாம் இவளுடைய கட்டிலைச் சுற்றித்தான். மகளுக்கு வட்டிலப்பம் சரியாக வந்தது. ரமலானுக்கு முந்தி என் மனைவி போய்ச் சேர்ந்தாள். ஜனாஸா தூக்கிய அன்று நானா என் பக்கத்தில் நின்று தொழுதார். நான் ருகூவில்லாத அந்தத் தொழுகையிலும் அவசரப்பட்டேன். அன்றைக்கு மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நானாவும் போய்விட்டார். விடிய சுபஹு தொழுத பாயிலேயே சாய்ந்திருந்தார் என்றார்கள்.

வெளிநாட்டிலிருந்து மகன் வந்தான். புதிய காரைத் தன் பெயருக்கு மாற்றினான். பிறகு என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்து, "மாமா, வாப்பாட அந்தப் பழைய கார என்ன செய்யலாம்? அதுல இனி ஒண்ணும் இல்லயே" என்றான்.

நான் எழும்பிவிட்டேன். "வாங்க மகன். அது முன்னால போய்ப் பேசுவோம்."

பொனட் வெயிலில் சுட்டது. கையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டரி, ஏற்றம், தண்ணி குடிக்கும் கதவு, பள்ளமான பின் சீட். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் மாறிப்போனது. அவனுக்கும் வாப்பாவின் குரல் கேட்டிருக்க வேண்டும்.

"நீங்களே வச்சுக்குங்க மாமா" என்றான். பிறகு, மௌத்தானவருடைய பிள்ளைகள் எல்லாரிடமும் கேட்பது போல என்னிடமும் கேட்டான். "வாப்பா பக்கம் உங்களுக்கு ஏதும் கொறை இருந்தாச் சொல்லிடுங்க. அவருக்காக நான் மாப்புக் கேக்குறேன்."

ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரி முற்றத்தில் அவர் உயர்த்திய அந்தக் கை இன்னும் என் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கிறது.

"மாப்பு எப்பவோ கொடுத்தாச்சு மகன். கொறை ஒண்ணு ஈக்குது. அவரு இங்க இல்லயே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சாவியை வாங்கிக்கொண்டேன். சந்திக்கிற நாளில் அவர் முன்னால் நின்று அதைச் சொல்வேன், இன்ஷா அல்லாஹ். அவரும் கேட்டுக்கொள்வார். அதுவரைக்கும் காரை நான் சார்ஜ் போட்டு வைக்கிறேன்.